மணிக்கட்டுத் தோடு

"மாமா, இந்தச் சட்டையில பட்டனே தைக்கல."

அக்கா மகனுக்கு ரிசப்ஷன். மேடையில் மெல்லிசைக்காரர்கள் "செக், செக்" என்று மைக்கைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். மணமகன் அறையில் கோட்டு ஹேங்கரில் தொங்குகிறது. மாப்பிள்ளையோ வளையல் கடைக்கு வந்த பெண் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறான். சட்டைக் கை விரல் நுனியைத் தாண்டித் தொங்குகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு கைக்கு நாலு காஜா. பட்டன் பூஜ்யம்.

"பில் இருக்கா? ஓடிப்போய் மாத்திட்டு வந்துடறேன்" என்று மச்சான் பைக் சாவியைத் தேடினார். பையனின் சித்தப்பா மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் இருந்தவர். "நில்லுங்கண்ணே, அது கஃப்லிங்க் போடுற சட்டை. கூடவே ஒரு குட்டி டப்பா கொடுத்திருப்பானே?" என்றார். கொடுத்திருந்தான். அதைச் சட்டைக் கழுத்து அட்டை, குண்டூசி, பாலிதீன் கவர் எல்லாவற்றோடும் சேர்த்து அக்கா முந்தின நாளே குப்பையில் போட்டிருந்தாள்.

மணி ஆறரை. ஏழுக்கு மேடை ஏற வேண்டும். அந்த அரைமணி நேரத்தில் நாங்கள் பட்ட பாட்டைக் கடைசியில் சொல்கிறேன். பட்டன் இல்லாத சட்டையைக் கூடுதல் விலைக்கு விற்கலாம் என்ற யோசனை உலகத்தில் எப்படி வந்தது என்று முதலில் விசாரித்துவிடுவோம். விசாரித்துக்கொண்டே போனால் குற்றவாளி நம் வீட்டு அடுப்படியில்தான் பிடிபடுகிறார். பெயர் கஞ்சி.

16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் கழுத்தைச் சுற்றி இடியாப்பத் தட்டு மாதிரி ஒரு மடிப்பு வட்டம் கட்டிக்கொண்டார்கள். மணிக்கட்டில் அதன் குட்டிகள். துணி அப்படி நிமிர்ந்து நிற்கக் கஞ்சி வேண்டும். இங்கிலாந்தில் அந்த வித்தை தெரிந்தவர் அதிகம் இல்லை. 1564இல் ஃபிளாண்டர்ஸ் பக்கத்திலிருந்து டிங்கன் என்ற அம்மாள் லண்டனுக்கு வந்து டியூஷன் ஆரம்பித்தார். துணிக்குக் கஞ்சி போடக் கற்றுக்கொடுக்க நாலைந்து பவுன் கட்டணம். கஞ்சி காய்ச்சுவது எப்படி என்பது தனிப் பாடம், அதற்கு இருபது ஷில்லிங். சோறு வடிக்கிற பாட்டிகளிடம் நாம் ஓசியில் கற்ற கல்வி இது. அந்தப் பாட்டிகளில் ஒருத்தியாவது கப்பல் ஏறியிருந்தால் நம் குடும்பங்களில் ஒன்று இன்று லண்டனில் பங்களாவோடு இருந்திருக்கும்.

ஆசாரக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1583இல் பிலிப் ஸ்டப்ஸ் என்பவர், கஞ்சி என்பதே சாத்தான் கண்டுபிடித்த திரவம் என்று புத்தகத்தில் எழுதித் திட்டினார். யாரும் கேட்கவில்லை. பிற்பாடு இந்தியாவுக்கு வந்த துரைமார் சட்டைக்குப் போடுகிற சமாசாரத்துக்கு நம் சொல்லையே கடன் வாங்கிக்கொண்டார்கள். ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் நம் கஞ்சி, நோயாளிக்கு ஆகாரமாகவும் சலவைக்காரருக்குச் சரக்காகவும் இரட்டை வேஷத்தில் இருக்கிறது.

கஞ்சி போட்டால் என்ன கெட்டுப்போகிறது? அப்பளமாய் விறைத்த துணியில் நூலில் ஆடுகிற பட்டனை நுழைத்துப் பாருங்கள், தெரியும். நூல் அறும், அல்லது நகம் பெயரும். அதனால்தான் ஒரு விளிம்பை இன்னொன்றின்மேல் ஏற்றாமல், இரண்டையும் கைகூப்புவது மாதிரி முகத்தோடு முகம் சேர்த்து, காஜாக்களை வரிசையாக நிறுத்தி, ஊடே எதையாவது செருகுவது என்று முடிவானது.

அந்த 'எதையாவது'தான் விஷயமே. அதன் முகம் காஜாவுக்குள் போகக்கூடாத அளவு பெரிதாக இருக்க வேண்டும். முதுகு, நுழையும்போது சின்னதாகவும் நுழைந்தபின் பெரிதாகவும் ஆக வேண்டும். இரண்டு நாள் தங்க வருகிற உறவினர் மாதிரி. வாசலில் ஒரு கைப்பை, உள்ளே வந்தபின் அறை முழுக்க அவர் சாமான். நம் வீட்டுத் தோட்டில் இதே சிக்கலைத் திருகாணி எப்போதோ தீர்த்துவிட்டது. ஆனால் தோடு போடுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு கையும் காலி. மணிக்கட்டில் மாட்ட வேண்டுமானால் ஒரு கை அந்தச் சட்டைக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கும். மிச்சம் ஒன்றுதான். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள். ஒரு கையால் கஃப்லிங்க் மாட்டினால் ஓசை வரும், குழந்தைகள் கேட்கக்கூடாத ஓசை.

ஆரம்ப காலத்தில் இதற்கெல்லாம் வெறும் கயிறுதான். நாடாவைக் காஜாவில் கோத்து முடிச்சுப் போட்டார்கள். பிரபுக்கள் பட்டு நாடா, மற்றவர்கள் சாதா நாடா. அவ்வளவு பேரும் அரைஞாண் கட்டின குழந்தைகள் மாதிரி முடிச்சை நம்பி நடந்தார்கள்.

அடுத்து வருவது ராஜா காலம். சட்டை சரித்திரத்தில் முதலாம் சார்லஸுக்கு ஒரு தனி இடம் உண்டு. 1649 ஜனவரி 30, அவர் தலையை வெட்டப்போகிற நாள், கடும் குளிர். குளிரில் நடுங்கினால் பயத்தில் நடுங்குவதாக ஜனங்கள் நினைத்துவிடுவார்களே என்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டு போனார். தலை போகிற காரியத்திலும் சட்டையைப் பற்றி யோசித்த மனிதர். அவர் போனபின் விசுவாசிகள் அவர் முடியையும் தங்கக் கம்பியில் வளைத்த எழுத்துகளையும் படிகக் கல்லுக்கு அடியில் வைத்து மோதிரம், பதக்கம் என்று அணிந்துகொண்டார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதே பாணிப் படிகம் சட்டைக் கைப் பொத்தானுக்கும் இறங்கி வந்தது. அரசியல் தலைவர் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவதை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று பெருமைப்பட வேண்டாம்.

மகன் இரண்டாம் சார்லஸ் 1662இல் போர்ச்சுக்கல் இளவரசி கேத்தரினைக் கட்டிக்கொண்டார். சீதனமாக வந்தவற்றில் டாஞ்சியரும் பம்பாயும் அடக்கம். பம்பாயை என்ன செய்வதென்று தெரியாமல் 1668இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருஷம் பத்துப் பவுன் வாடகைக்கு விட்டுவிட்டார். இன்று அந்த ஊரில் அந்தத் தொகைக்கு ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்தக் கல்யாணத்தைக் கொண்டாடத்தான் இரண்டு இதயம், மேலே ஒரு கிரீடம் என்று அச்சடித்த உலோகப் பொத்தான்கள் இங்கிலாந்தில் பரவின என்பார்கள். இரண்டு வட்டத்தை நடுவில் ஒரு கம்பி வளையத்தால் கோத்தால் கைப்பொத்தான் தயார். உலோகம் தேடும் கருவியோடு வயலில் அலைகிறவர்களுக்கு அவை இன்னும் அகப்பட்டுக்கொண்டே இருக்கின்றன, பெரும்பாலும் ஜோடி தொலைந்த ஒற்றையாக. ஆக, கஃப்லிங்கைத் தொலைக்கும் கலை கஃப்லிங்க் பிறந்த அன்றே பிறந்துவிட்டது.

அந்த இளவரசியின் ஊர்க்காரர்கள்தான் நமக்கு ஜன்னல், சாவி, அலமாரியோடு 'பொத்தான்' என்ற சொல்லையும் இறக்குமதி செய்தவர்கள். 'இஸ்திரி'யும் அவர்கள் உபயமே. கஞ்சியைக் கொடுத்துப் பொத்தானை வாங்கியிருக்கிறோம். பண்டமாற்றில் யாருக்கு லாபம் என்று தெரியவில்லை.

இடையில் ஒரு வாட்ஸ்அப் வரலாறு. கோட்டுக் கையில் வரிசையாகப் பட்டன் இருப்பதற்குக் காரணம் நெப்போலியன். சிப்பாய்கள் கையில் மூக்கைத் துடைப்பதைத் தடுக்க அப்படித் தைக்கச் சொன்னார் என்று உங்கள் குடும்பக் குரூப்பிலும் வந்திருக்கும். இதே கதையைப் பிரஷ்ய ராஜா பிரெடெரிக் பேரிலும் சொல்கிறார்கள். ஐரோப்பாவையே கட்டி மேய்த்தவர்களுக்கு மூக்கைக் கவனிக்க ஏது நேரம்?

சங்கிலிப் பொத்தான் பார்க்க அழகு. இரண்டு பக்கமும் முகம், நடுவில் நாலைந்து கண்ணி. துணியைக் கடிக்காது, மணிக்கட்டோடு வளைந்து கொடுக்கும். ஒரே குறை, அதை ஒரு கையால் மாட்ட முடியாது. ஒரு முகத்தைச் சாய்த்து நாலு காஜாவிலும் வரிசையாக நுழைப்பதற்குள் முதல் காஜா வழியாக அது வெளியே வந்து விசாரிக்கும். இருநூறு வருஷம் பணக்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்றால், அவர்கள் மாட்டவே இல்லை. அதற்கென்று ஓர் ஆள் நின்றான். என் கணக்கில் கஃப்லிங்கின் முதல் 'மெக்கானிஸம்' அந்த வேலைக்காரன்தான். ஸ்பிரிங் கிடையாது, துருப்பிடிக்காது, சம்பளம் மட்டும் குறைவு. அவன் வேறு வேலைக்குப் போன பிறகுதான் இன்ஜினியர்களுக்கு வேலை வந்தது.

பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டன் மாதிரி ஆட்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே பொத்தானையும் பக்கிளையும் பட்டறைக் கணக்கில் செய்து தள்ளினார்கள். எஃகுத் துணுக்குகளைப் பட்டை தீட்டித் தகட்டில் அறைந்து வைரம் மாதிரி மினுக்குவது அந்த ஊர் வித்தை. இதே போல்டன்தான் பிறகு ஜேம்ஸ் வாட்டோடு கூட்டுச் சேர்ந்து நீராவி இன்ஜின் விற்றவர். தொழிற்புரட்சியின் தந்தைகளில் ஒருவர் பட்டன் வியாபாரி என்பதைப் பாடப்புத்தகம் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறது.

இனி அமெரிக்கா. நியூயார்க் மாநிலத்து டிராய் நகரம், 1827. ஹன்னா மாண்டேக் என்ற குடும்பத்தலைவி, கணவர் சட்டையில் காலர் மட்டுமே அழுக்காகிறது, அதற்காக முழுச் சட்டையையும் துவைப்பானேன் என்று கத்தரிக்கோலை எடுத்துக் காலரை மட்டும் வெட்டித் துவைத்து மறுபடி கட்டிவிட்டார் என்பது அந்த ஊரின் தலபுராணம். கணவர் என்ன சொன்னார் என்பது பதிவாகவில்லை. கத்தரிக்கோல் கையில் இருந்த நேரம், ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். காலர் கழன்றதும் கஃபும் கழன்றது. சட்டை தனி, கழுத்து தனி, கை தனி. எல்லாவற்றையும் கோக்க ஊர் முழுக்கப் பொத்தான் வேண்டியதாயிற்று. டிராய்க்குக் காலர் நகரம் என்றே பெயர் வந்தது.

அந்தக் காலரையும் கஃபையும் வெளுத்து, கஞ்சி போட்டு, பழுக்கக் காய்ந்த இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தவர்கள் பெண்கள். ஒருநாள் அவர்கள் பெட்டியைக் கீழே வைத்தார்கள். 1864இல் கேட் மலானி என்ற இளம்பெண் சுமார் 300 பேரைச் சேர்த்துச் சங்கம் கட்டி வேலை நிறுத்தம் செய்தார். ஒரு வாரத்துக்குள் முதலாளிகள் கூலியைக் கால்வாசி உயர்த்திக் கொடுத்தார்கள். விறைப்பான காலர் போட்ட முதலாளியால் தலையைக் குனிய முடியாது என்பார்கள். குனிந்தார்கள்.

சலவைச் செலவைத் தவிர்க்க அடுத்து வந்தது செல்லுலாய்டு கஃப். பில்லியர்ட்ஸ் பந்துக்குத் தந்தம் கிடைக்காமல் மாற்றுப் பொருள் தேடிய ஹயாட் சகோதரர்கள் 1870இல் காப்புரிமை வாங்கிய சரக்கு. ஈரத்துணியால் துடைத்தால் போதும், கஞ்சியே வேண்டாம். ஒரு சின்ன விஷயம், அது வெடிமருந்துப் பஞ்சின் நெருங்கிய சொந்தம். சுருட்டுப் பற்றவைக்கிறவர் கொஞ்சம் கையைத் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது.

மணிக்கட்டில் வெடிமருந்து வந்தாயிற்று, தோட்டா மட்டும் ஏன் பாக்கி? நியூஜெர்சியின் நியூவார்க்கில் ஜார்ஜ் கிரெமென்ட்ஸ் என்ற நகைத் தொழிலாளி. அன்றைய பொத்தான்கள் தலை தனி, தண்டு தனி, அடி தனியாகச் செய்து பற்றவைத்தவை. பற்று விடும், ஓரம் கழுத்தைக் கடிக்கும், முக்கியமான விருந்தில் தலை மட்டும் சூப்பில் விழும். தோட்டா உறையை ஒரே தகட்டிலிருந்து இழுத்து உருவாக்கும் இயந்திரத்தை ஒரு கண்காட்சியில் பார்த்த கிரெமென்ட்ஸுக்குப் பொறி தட்டியது என்று சொல்வார்கள். வட்டத் தகட்டை அச்சில் வைத்து அழுத்திக் கிண்ணமாக்கு. மேலும் இழுத்துக் குழாயாக்கு. குழாயின் நுனியை நசுக்கித் தலையாக்கு. ஒட்டுப் போடாமல், உள்ளே கூடான, ஒரே தகட்டுப் பொத்தான் கிடைத்தது. 1884இல் காப்புரிமையும் கிடைத்தது.

உடனே எல்லோரும் காப்பியடித்தார்கள். வழக்கு நடந்தது. 'காட்டில்' என்கிற பொத்தான் கம்பெனி, "இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு, எந்தத் தொழிலாளியும் செய்வானே" என்றது. கீழ்க் கோர்ட்டும் ஆமாம் போட்டது. விஷயம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1893இல், கறுப்பு அங்கி போட்ட பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு சட்டைப் பொத்தானின் உள்ளறையை ஆராய்ந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி நம் பஞ்சாயத்துப் பெரியவர் கேட்பது மாதிரியே இருந்தது. காட்டில், நீரே இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர், நீரே இதே மாதிரிப் பொத்தானுக்குக் காப்புரிமை வாங்கினவர், அப்படி எவனும் செய்யக்கூடியதாக இருந்தால் நீர் ஏன் ஐயா செய்யவில்லை? கிரெமென்ட்ஸ் ஜெயித்தார். அவசரமாய்ப் போகிறவனுக்குப் பட்டன் அறுந்தால் அது உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் அளவு பெரிய விஷயம்தான். மணி ஆறேமுக்காலுக்கு எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

வேலைக்காரன் செய்த வேலையை ஸ்பிரிங்கிடம் ஒப்படைத்தது அடுத்த கட்டம். இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை இந்த ஜாதி. முகத்திலிருந்து ஒரு தண்டு புறப்பட்டு நுனியில் இரண்டாகப் பிளக்கிறது. பிளவுக்கு நடுவே, வேப்பங்கொட்டை வடிவத்தில் ஒரு குட்டிக் கட்டை ஓர் ஆணியில் சுழல்கிறது. தண்டின் கூட்டுக்குள் மெல்லிய பட்டை ஸ்பிரிங் ஒன்று அந்தக் கட்டையின் தட்டையான பக்கத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். கட்டையை நேராக நிறுத்தினால் ஒரு 'டக்', தண்டோடு தண்டாக நாலு காஜாவையும் தாண்டிவிடும். குறுக்கே திருப்பினால் இன்னொரு 'டக்', இனி வெளியே வராது. நடுவழியில் நிற்காது, ஏனென்றால் தட்டைப் பக்கம் கிடைக்கும்வரை ஸ்பிரிங் அதை விடாது. கட்டைவிரல் ஒன்றே போதும். ஸ்பிரிங் தளர்ந்தால் அந்த 'டக்' போய்விடும். சத்தம் போடாத கஃப்லிங்கை நம்பாதீர்கள், கை கழுவும் தொட்டியில் போய்ச் சேரும்.

மாசசூசெட்ஸின் ஆட்டில்பரோவில் பேயர் அண்டு வைல்டு என்ற கம்பெனி 1920களில் வேறு வழியில் போனது. கஃபின் இரண்டு பக்கத்திலும் ஆளுக்கொரு பாதியை முன்கூட்டியே மாட்டிவிடுவது, பிறகு இரண்டையும் பிரஸ் பட்டன் மாதிரி அழுத்திச் சேர்ப்பது. பெயர் 'கம்-அ-பார்ட்'. 'பிரிந்து வா' என்று அர்த்தம், எழுத்துக்கூட்டிய விதத்தைப் பார்த்தால் ஆங்கில வாத்தியார் பிரம்பை எடுப்பார். வாஷ்பேசினுக்குப் போகும்போது இழு, பிரியும். கையைச் சுருட்டு, கழுவு, மறுபடி அழுத்து. இவ்வளவு பகுத்தறிவோடு ஒரு பொருள் செய்தால் நாகரிகம் அதை நீண்ட நாள் வைத்துக்கொள்ளாது. இன்று பழைய சாமான் சேகரிப்பவர்கள்தான் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

பாரிஸ்காரர்கள் இந்த இரும்படி வேலையையெல்லாம் ஏறிட்டும் பார்க்கவில்லை. 1904இல் ஷார்வே என்ற சட்டைக் கடை, பட்டு நூலில் இரண்டு உருண்டை முடிச்சுப் போட்டு நடுவில் இணைத்து, இதுதான் கஃப்லிங்க் என்று விற்றது. தங்கம், படிகம், எஃகு, உச்ச நீதிமன்றம் எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் பழைய நாடா முடிச்சுக்கே வந்து நின்றார்கள், இந்த முறை பில்லோடு.

இங்கிலாந்தின் எட்டாம் எட்வர்ட் இளவரசராக இருந்தபோது காதலி வாலிஸ் சிம்ப்ஸன் அவருக்குக் கார்ட்டியே வைரக் கஃப்லிங்க் கொடுத்தார். 'விடாமல் பிடி' என்ற பொருளில் இரண்டு ஆங்கிலச் சொல்லும் 1935ஆம் வருஷத் தேதியும் பொறித்திருந்தன. அடுத்த வருஷம் டிசம்பரில் அவர் சிம்மாசனத்தை விட்டார். கஃப்லிங்கை விடவில்லை.

மணமகன் அறைக்கு வருவோம். ஊக்கு போட்டுப் பார்த்தோம், நாலடுக்குத் துணியில் வளைந்துகொண்டது. ஸ்டேப்ளர் வேண்டும் என்றார் மச்சான், அவரை வெளியே அனுப்பினோம். சித்தப்பா தன் ஷூ லேஸைக் கழற்ற ஆரம்பித்தார், ஷார்வே கடையைக் கேள்விப்படாமலே. அப்போதுதான் அக்கா காதிலிருந்து ஏழுகல் தோட்டைத் திருகினாள்.

தண்டு நாலு காஜாவையும் தாண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. ஆனால் திருகாணி பொடிசு, போட்ட வேகத்தில் காஜாவுக்குள்ளேயே புகுந்துவிட்டது. நுழைந்தபின் பெரிதாகிற முதுகு வேண்டுமே! சட்டையின் உள்பக்கத் துணிச்சீட்டில் ஸ்பேர் பட்டன் இரண்டு தைத்திருந்தான், கம்பெனிக்காரன். பட்டன் இல்லாத கைக்கு இல்லை, முன்பக்கத்துக்கு. பிய்த்து, அதன் ஓட்டை வழியாகத் தோட்டுத் தண்டை விட்டு, மேலே திருகாணியைப் போட்டு இறுக்கினோம். வாஷர் கணக்கில் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஏழு ஐந்துக்கு மாப்பிள்ளை மேடை ஏறினான். கை கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரு வினாடி கூடுதலாகக் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "வைரமா?" என்றார். "பரம்பரையா வர்றதுங்க" என்றேன். பின்னால் அக்கா வெறுங்காதைக் கூந்தலால் மறைத்துக்கொண்டு, "ஆல்பம் முழுக்க நான் காதில ஒண்ணுமில்லாம நிக்கணுமாடா?" என்று முணுமுணுத்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் பாயசத்துக்கு முன்னால் ஒரு திருகாணி காணாமல் போயிற்று. இடது கை. இலைகளை எடுக்க வந்த பையனை நிறுத்தி, வரிசையாக ஒவ்வொரு இலையாய்ப் பிரித்துத் தேடிக்கொண்டிருக்கிறார் மச்சான்.